மலைக்கும் பறவைக்கும் ஏற்ற தொலைநோக்கி

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓர் அரும்பொருள். ஆறு நாட்கள் மின்சார ரயிலின் நெரிசலில் கழிய, ஏழாம் நாளும் நான்கு சுவர்களுக்குள்ளேயே போய்விடுகிறது. ஆயின், இயற்கை இவ்வளவு அருகில் வந்து நிற்கும் பெருநகரங்கள் மிகச் சிலவே. போரிவலியை அடுத்த சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த காடு. தாணே கழிமுகத்தில் ஆண்டுதோறும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன. 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடம் 2022-இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. பன்வேலுக்கு அப்பால் கர்நாளாவில் கோட்டை ஏறவும் பறவை காணவும் ஒருங்கே வாய்ப்புண்டு.

இவ்விடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மவரிடையே பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், "அது என்ன பறவை?" என்று குழந்தை கேட்கும்போது, மரக்கிளையில் ஒரு கரும்புள்ளியைத் தவிர வேறொன்றும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தொலைநோக்கி ஒன்று வாங்கலாம் என்று கடைக்குச் செல்கிறோம். பெரியதே சிறந்தது என எண்ணி வாங்கியது கழுத்தை அறுக்கிறது. விலை மலிவு என்று வாங்கியது கண்ணை வலிக்கச் செய்கிறது. இரண்டு பயணங்களுக்குப் பின் கருவி அலமாரிக்குள் போகிறது. பிள்ளையின் ஆர்வமும் அதனுடன் அடைபட்டுவிடுகிறது. ஆகவே, தேர்ந்தெடுக்கும் முறையைச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1896-இல் இந்நகரில் பிறந்தவர். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய சிட்டின் கழுத்தில் இருந்த மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அதை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படியேறினார். அதுவே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. இன்று அந்த மஞ்சள் நிறத்தைக் காணச் சிட்டு உயிர்விட வேண்டியதில்லை. நல்ல கண்ணாடி ஒன்று போதும்.

எண்கள் கூறுவது என்ன?

ஒவ்வொரு தொலைநோக்கியின் மீதும் 8 × 25, 8 × 32, 10 × 42 என்பன போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண், பொருள் எத்தனை மடங்கு அருகில் தோன்றும் என்பதைக் குறிக்கும். இரண்டாவது, முன்வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் கூறும். இரண்டாவதை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8 × 25-க்கு அது 3 மில்லிமீட்டர் அளவு. 8 × 32-க்கு 4. 8 × 42-க்கு 5-க்குச் சற்று மேல்.

நண்பகல் வெயிலில் நம் கண்மணி 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். அப்போது சிறிய கண்ணாடியே போதும். விடியற்காலையிலும் அடர்ந்த காட்டு நிழலிலும் கண்மணி விரிகிறது. அங்கே சிறிய கண்ணாடியில் காட்சி மங்கும். பறவைகள் மிகுதியாக நடமாடுவதோ விடியலில்தான்.

10 மடங்கு 8 மடங்கைவிடச் சிறந்தது என்பது பலருடைய எண்ணம். உருவம் பெரிதாகும்போது கைநடுக்கமும் பெரிதாகிறது. காட்சிப் பரப்போ குறுகுகிறது. கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டைத் தேடிப் பிடிக்கப் பரந்த காட்சியே உதவும். எனவே தொடங்குவோர்க்கு 8 மடங்கே ஏற்றது. மடங்கை மாற்றும் அமைப்புடைய மலிவான கருவிகளையும், வில்லையில் செந்நிறப் பூச்சு மின்னுபவற்றையும் தவிர்ப்பது நலம்.

எடையும் குடும்பமும்

8 × 25 வகை ஏறக்குறைய 300 கிராம். சட்டைப் பையில் அடங்கும். 8 × 32 வகை பெரும்பாலும் 450 முதல் 600 கிராம். 8 × 42 வகை 600 முதல் 800 கிராம் வரை வரும். கோட்டை ஏறும்போது ஒவ்வொரு கிராமும் கழுத்தில் உறைக்கும். மலையேற்றமே முதன்மையாயின் 8 × 25 போதும். வீட்டுக்கு ஒன்றே வாங்குவதாயின், காலையொளிக்கும் நடைக்கும் நடுநிலையான 8 × 32-ஐயே நாம் பரிந்துரைப்போம்.

மூக்குக்கண்ணாடி அணிவோர், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மில்லிமீட்டரேனும் விலக்கம் தரும் கருவியைக் கேட்டு வாங்க வேண்டும். கண்குவளையைத் தாழ்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகளின் இரு கண்களும் நெருங்கி அமைந்தவை. கருவி அவ்வளவுக்கு மடங்குகிறதா என்பதைக் குழந்தையின் கையில் கொடுத்தே சோதிக்கலாம்.

கடையில் எதிர்ச்சாரி விளம்பரப் பலகையை இரண்டு நிமிடம் நோக்குக. எழுத்து இரண்டாகப் பிரிந்து தெரிந்தாலோ, கண் இழுத்துப் பிடித்தாற்போல் வலித்தாலோ, அக்கருவி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

பயனும் பாதுகாப்பும்

கருவி கைமாறும்போது, "எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை" என்பார் பலர். குறை கருவியில் இல்லை. வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குக. பின்னர் இடக்கண்ணை மூடி, பெரும்பாலும் வலப்புறக் குழலில் இருக்கும் வளையத்தைத் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குக. ஒவ்வொருவரும் தமக்கென இதைச் செய்துகொள்ள வேண்டும்.

இந்நகரின் மழைக்கால ஈரம் வில்லைக்குப் பெரும்பகை. நைட்ரஜன் நிரப்பி நீர்புகாது அடைத்த கருவி உட்புறம் மங்காது. எனினும் தோலுறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் மூடிய டப்பாவில் வைப்பதே தக்கது. வேட்டித் தலைப்பாலோ புடவை முந்தானையாலோ வில்லையைத் துடைத்தல் கூடாது. முதலில் தூசியை ஊதி அகற்றி, பின் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். கருவி வழியே சூரியனை நோக்குதல் பார்வையையே பறித்துவிடும். இதைப் பிள்ளைகளுக்கு முதற்பாடமாகச் சொல்லி வையுங்கள்.

இன்னும் ஒன்று. இங்கே வளரும் நம் குழந்தைகள் பறவைகளின் பெயரை ஆங்கிலத்திலும் இந்தியிலும் பள்ளியில் கற்பர். கொண்டைலாத்தி, மாங்குயில், செம்போத்து, வால்காக்கை, ஆள்காட்டி என்னும் பெயர்களை அவர்களுக்கு நாமன்றி வேறு யார் சொல்வார்? பறவை கண்ணில் தெளிவாகப் படும் அந்தக் கணத்தில் சொல்லப்படும் பெயர் நெஞ்சில் நிற்கும். அடுத்த ஞாயிறன்று ஒரு குடும்பமேனும் விடியலில் புறப்படுமாயின் இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.