தாடி ஓணானின் முட்டைக் காலம்

சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுவதைப் போல, தனியாக வளரும் பெண் தாடி ஓணானும் முட்டையிடும். அந்த முட்டைகள் பொரிக்காது. ஆனால் அவற்றை உருவாக்கி வெளியே தள்ள அது படும் பாட்டில் எந்தக் குறைவும் இல்லை. 'பியர்டட் டிராகன்' என்ற பெயரில் இதை வாங்கி வளர்ப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிதான் இதன் தாயகம். நம் வேலியோர ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குளிரில் ஒடுங்கிக் கிடந்து, வெயில் ஏறியதும் இணை தேடும். ஆணின் தாடி கறுக்கும். தலையை வேகமாக ஆட்டும். பெண் ஒரு முன்காலைத் தூக்கி மெல்லச் சுழற்றும். ஒருமுறை இணைந்தாலே பெண் விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் பல ஈடு முட்டையிட முடியும். ஓர் ஈட்டில் பெரும்பாலும் 15 முதல் 30 முட்டைகள் இருக்கும்.

அத்தனை முட்டைக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உணவில் அது கிடைக்காவிட்டால் எலும்பிலிருந்து கரையும். கால்சியம் தூளைப் பூச்சி உணவில் தூவினால் மட்டும் போதாது. புற ஊதா பி கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உருவானால்தான் அந்தக் கால்சியம் உடலில் சேரும். சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால், அதன் வழியே வரும் வெயில் பயன்படாது. தனி விளக்கு வேண்டும். குளிர்காயும் இடத்தில் சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும் வேண்டும். கால்சியம் குறைந்தால் கால் நடுங்கும், தாடை மெலியும். முட்டையைத் தள்ளும் தசையும் சுருங்க முடியாமல் சோர்ந்துபோகும். ஒரு வயதுக்குள்ளேயே பருவமடைந்தாலும், அந்த வயதில் தன் எலும்பே வளர்ந்துகொண்டிருப்பதால், இரண்டு வயதை நெருங்கும்வரை இணை சேர்க்காமல் இருப்பதே நல்லது.

சினைப்பட்ட பெண் இரை எடுக்காமல் தொட்டியின் மூலைகளைப் பிராண்டத் தொடங்கினால், அது குழி தோண்ட இடம் தேடுகிறது என்று பொருள். ஈர மணலும் மண்ணும் கலந்து ஓரடி ஆழத்துக்கு நிரப்பிய பெட்டியை உடனே வையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம் போதும். இடம் பிடிக்காவிட்டால் முட்டையை அடக்கியே வைத்துக்கொள்ளும். முட்டை அடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. நீர்ச்சத்துக் குறைவும் உடல் பருமனும் இதற்குத் துணைபோகும்.

நாள்கணக்கில் தோண்டியும் முட்டை வரவில்லை, உடல் துவள்கிறது, பின்னங்கால்கள் இழுபடுகின்றன என்றால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வயிற்றை அமுக்கி வெளியேற்றப் பார்க்காதீர்கள். உள்ளேயே முட்டை உடைந்துவிடும். மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து நீரும் கால்சியமும் ஏற்றுவார், பலனில்லாவிட்டால் அறுவை சிகிச்சை செய்வார். சில வேளை, கருமுட்டைகள் சூலகத்தை விட்டு வெளியேறாமலே தேங்கிவிடும். அதற்குச் சூலகத்தை எடுப்பதே பெரும்பாலும் தீர்வு.

இட்ட முட்டைகளைப் புரட்டாமல், 28 முதல் 30 டிகிரியில் ஈரப்பதத்தோடு வைத்தால் சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு வரும். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால், மரபணுப்படி ஆணாக வேண்டிய கருவும் பெண்ணாக மாறக்கூடும். நெருக்கி வைத்தால் குஞ்சுகள் ஒன்றன் விரலை ஒன்று கடிக்கும். இருபது குஞ்சுக்கு இடமும் ஆளும் இல்லாதவர்கள் அடைவைக்கவே வேண்டாம்.

பெண் ஓணானை வாங்குவதற்கு முன்பே, உங்கள் ஊரில் ஊர்வனவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தெரிந்த கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள்.