தட்டாமாலையும் தூரத்துக் கிரகமும்

எங்கள் எளாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் புதிதல்ல. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் புறம்தானே ஸ்ரீஹரிகோட்டா! சத்தம் கேட்டால் போதும், சோறு தட்டில் காயும். வாண்டுகள் வாசலில் நிற்கும். அதனால் கேள்விகளும் பெரிதாகவே வரும். "ஏம்மா, நம்ம சூரியனுக்கு மட்டும்தான் கிரகம் இருக்கா? மத்த நட்சத்திரத்துக்கெல்லாம் இல்லையா?" என்று கேட்டாள் என் மகள்.

உண்டு, தாராளமாக உண்டு. நட்சத்திரங்கள் எல்லாமே தூரத்துச் சூரியன்கள்தானே. நம் சூரியனைப் போன்ற ஒன்றைச் சுற்றும் கிரகத்தை 1995-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். இன்று கணக்கு 6,000-ஐத் தாண்டிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இருட்டியபின் ஏரியில் தூரத்துப் படகு விளக்கைக் காட்டுங்கள். குறுக்கே ஆள் வந்தால் வெளிச்சம் ஒரு கணம் மங்கும். ஆள் தெரியாவிட்டாலும், ஆள் இருப்பது தெரிந்துவிடும்! ஏரி இல்லாத ஊரில் டார்ச் விளக்குக்கு முன்னால் நூலில் கட்டிய கோலிக்குண்டை ஆட்டிக் காட்டலாம். நிஜத்தில் வியாழன் அளவு கிரகம் சூரியனை மறைத்தாலும் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் குறையும். அதையும் கருவிகள் அளந்துவிடுகின்றன.

இன்னொரு வழி தட்டாமாலை. குழந்தையின் கைகளைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். சுற்றுவது குழந்தைதான் என்றாலும் நீங்களும் லேசாக ஆடுவீர்கள் அல்லவா? கிரகம் சுற்றும்போது நட்சத்திரமும் அப்படித்தான் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை வைத்து 2006-ல் அகப்பட்ட ஒரு கிரகத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை 2019-ல் நம் நாட்டுக்குக் கிடைத்தது. கிரகத்துக்கு 'சந்தமஸ', அதன் சூரியனுக்கு 'பிபா'. பெயர்களைச் சொன்னவர்கள் மாணவர்கள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு ஏன்டி இந்த ஆராய்ச்சி?" என்றார் என் மாமியார். பிபா என்பதே ஒரு பெண்ணின் பெயர் என்றேன். பிபா சௌதுரி, கல்கத்தாவில் 1913-ல் பிறந்தவர். டார்ஜிலிங் மலையில் புகைப்படத் தகடுகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் கதிர்களை ஆராய்ந்தவர். யுத்த காலத்தில் நல்ல தகடுகள் கிடைக்கவில்லை. பின்னர் அதே வகை ஆராய்ச்சியைச் சிறந்த தகடுகளில் செய்த இங்கிலாந்தின் பவலுக்கு 1950-ல் நோபல் பரிசு! மாமியார் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

சந்தமஸ தன் சூரியனை ஒருமுறை சுற்ற இரண்டு நாளும் சில மணியும்தான் ஆகும். அதாவது அங்கே ஒரு வருஷமே அவ்வளவுதான்.

"அப்போ ரெண்டு நாளைக்கு ஒரு பிறந்தநாளா? தினம் பாயசமாம்மா?"

மிகவும் சூடான கிரகம் அது, பாயசம் பாத்திரத்தோடு உருகிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்பதாயில்லை.