கொங்கு நாட்டு நடுகற்கள்

நடுகல் என்பது போரிலோ ஊரைக் காக்கும் செயலிலோ உயிர்நீத்த வீரனின் நினைவாக நடப்படும் கல் ஆகும். இது வீரக்கல் எனவும் அழைக்கப்படுகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டிலும், அதன் வடக்கே பழைய தகடூர் நாடான தருமபுரிப் பகுதியிலும் இத்தகைய கற்கள் காணப்படுகின்றன.

பின்னணி

பண்டைத் தமிழகத்தில் போர் ஆநிரை கவர்தலில் தொடங்கியது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி எனவும் அதை மீட்பது கரந்தை எனவும் இலக்கணநூலார் வகுத்தனர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுக்கப்பட்டதாகும். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரையிலான நடுகல் சடங்கைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் கூறுகிறது.

புலிகுத்திக்கல்

நடுகல் என்றாலே போர் நினைவு என்னும் பொதுக்கருத்து கொங்கு நாட்டைப் பொறுத்தவரை முழுமையானதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இந்நிலத்தில் கால்நடையே பெருஞ்செல்வமாக இருந்தது. காங்கேயம் பகுதியில் கிளுவை வேலியிட்ட கொறங்காடுகள் இன்றும் மேய்ச்சல் நிலங்களாக உள்ளன. பட்டிக்கு வந்த புலியை எதிர்த்து இறந்தவனும் போரில் வீழ்ந்தவனுக்கு இணையாகவே மதிக்கப்பட்டான். அவனுக்கு எடுக்கப்பட்ட கல்லே புலிகுத்திக்கல். பின்னங்கால்களில் நின்று பாயும் புலியின் உடலில் வீரன் ஈட்டியையோ வாளையோ பாய்ச்சுவதாக இதில் செதுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அவன் மனைவியின் உருவமும் இடம்பெறும்.

பெயரும் எழுத்தும்

பழைய கற்களில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், ஊர், இறந்த காரணம் ஆகியவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டன. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் தருகிறது. நாய்க்கும் பெயர் கிடைத்த அக்கல்லுக்கு மாறாக, கொங்கு நாட்டுப் பிற்காலக் கற்கள் பல எழுத்தில்லாதவை. அவற்றின் வீரர் யாரென ஊராரின் வாய்மொழியே கூறவேண்டும். அதுவும் மறைந்த இடங்களில் உருவம் மட்டுமே எஞ்சியுள்ளது.

பிற நினைவுச் சின்னங்களுடன் ஒப்பீடு

முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் சிற்றூர்கள் பல, இறந்த தம் மக்களுக்குத் தேவாலயத்தில் வண்ணக்கண்ணாடிச் சாளரம் அமைத்தன. உலோக ஆக்சைடுகளால் நிறமூட்டிய கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்து இவை செய்யப்படுகின்றன. புனிதரோ போர்க்கோலம் பூண்ட வானதூதரோ இடம்பெறுவது வழக்கம். ஆனால் கேம்பிரிட்ஜ்சயரின் சுவாஃபம் பிரையர் என்னும் ஊரின் புனித மரியாள் தேவாலயச் சாளரங்களில் வான்கப்பல், டாங்கி, நீர்மூழ்கிக் கப்பல், பதுங்குகுழி ஆகியவையே தீட்டப்பட்டுள்ளன. மரணம் எவ்வாறு வந்தது என்பதை ஒளிக்காமல் காட்டுவதில் இது புலிகுத்திக்கல்லை ஒத்தது.

அதே போருக்கு ஆள் அனுப்பிய இந்திய ஊர்களில் பிரித்தானிய அரசு பதித்த கல்வெட்டுப் பலகைகள் வேறுவகையின. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்ற எண்ணிக்கையே அவற்றின் வழக்கமான வாசகமாகும், பெயர்கள் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊரார் தம் வீரனுக்குச் செய்ததைக்கூட அப்பலகைகள் செய்யவில்லை.

இன்றைய நிலை

தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் தெய்வமாக வணங்கப்படுகின்றன. வழிபாடே பல கற்களைக் காத்துள்ளது. எனினும் தொடர்ந்து பூசப்படும் எண்ணெயும் சுண்ணாம்பும் எழுத்துகளை மூடிவிடுவதால், மைப்படி எடுப்பதற்கு முன் கல்லைத் தூய்மை செய்ய வேண்டியுள்ளது. வழிபாடற்ற கற்கள் வேலிக்கல்லாகவும் படிக்கல்லாகவும் மாறுவதுண்டு. மீட்கப்பட்டவற்றுள் பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன.