எண்ணெய்க் கிணற்றுப் படம்: எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது?

காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயுக் கிணறு என்று பேச்சு எழுந்தாலே இரண்டு விதப் படங்கள் ஊரைச் சுற்றும். திட்டக் கையேட்டில் மேலே பச்சை வயல், கீழே வண்ணப் பாறை அடுக்குகள், நடுவே நேராக ஒரு கோடு. வாட்ஸ்அப்பில் வருவதில் பிளந்த நிலம், கறுத்த தண்ணீர். ஒன்று தூங்க வைக்கிறது. மற்றது தூக்கத்தைக் கெடுக்கிறது. பெரும்பாலும் இரண்டிலுமே அளவுகோல் இருக்காது. கிணறு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க மூன்று படங்களாவது தேவை.

1. அளவோடு வரைந்த படம்

ஓர் ஏ4 தாளில் நீங்களே வரையலாம். 100 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்தால், 3,000 மீட்டர் ஆழக் கிணறு தாளின் நீளம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் வயலில் 200 அடிக்கு இறக்கிய போர் வெறும் 6 மில்லிமீட்டர். தென்னை மரம் 2, 3 மில்லிமீட்டர்தான் வரும். குடிநீருக்கும் எண்ணெய் இருக்கும் பாறைக்கும் இடையே உள்ள தூரம் இப்போது புரியும்.

2. குழாயைப் பெரிதாக்கிய படம்

அந்தத் தூரத்தை மட்டும் நம்பி நிம்மதி அடைய முடியாது. நல்ல தண்ணீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் கிணறு கீழே போகிறது. அங்கே நீரைக் காப்பவை எஃகு கேசிங் குழாய்களும், அவற்றைச் சுற்றி இறக்கிய சிமென்டும். சில அங்குலக் கனமே உள்ள அந்தச் சிமென்ட், முதல் படத்தில் கண்ணுக்கே தெரியாது. எத்தனை அடுக்குக் குழாய், சிமென்டை எப்படிச் சோதித்தார்கள், கைவிடும்போது கிணற்றை எப்படி அடைப்பார்கள் என்பதை இந்தப் படம் சொல்ல வேண்டும்.

3. தரைமட்ட வரைபடம்

2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 15க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆபத்து வந்தது ஆழத்துப் பாறையிலிருந்து அல்ல. வீடுகளுக்கு அருகே புதைத்த குழாயிலிருந்து. குழாய்ப் பாதை, கழிவுநீர்க் குட்டை, வீடு, பள்ளி, வாய்க்கால், வெளியேறும் வழி எல்லாம் ஒரே வரைபடத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் உரிமை

* 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டிய திட்டங்களுக்கு 30 நாள் அவகாசத்தோடு அறிவிப்பு வர வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். யாரும் விளக்கம் கேட்கலாம். மூன்று படங்களையும் அங்கேயே கேளுங்கள்.
* 2020 ஜனவரித் திருத்தத்துக்குப் பின், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை. அப்போது தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்: மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில்.
* உங்கள் நிலத்தில் பெட்ரோலியக் குழாய் பதிக்க 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கை வந்தால், 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.
* சுற்றுச்சூழல் அனுமதியால் பாதிக்கப்படுவோர், 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம்.
* டெல்டாவின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு 2020 முதல் தடை உண்டு. ஏற்கெனவே இயங்குபவற்றை அந்தத் தடை நிறுத்தவில்லை. ஆகவே பழைய கிணறுகள், குழாய்களின் படங்களைக் கேட்பதுதான் இன்று அவசரம்.

கசிவு என்று சந்தேகம் வந்தால்

சீறும் சத்தம், வயல் தண்ணீரில் குமிழி, குழாய்ப் பாதையில் காய்ந்துபோன பயிர் ஆகியவை அடையாளங்கள். வாடை வராமலும் எரிவாயு கசியலாம். அடுப்பு மூட்டாதீர்கள், வண்டியைக் கிளப்பாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாகத் தொலைவுக்கு விலகிய பிறகு 112ஐ அழையுங்கள்.

கிராம சபையில் பேசப் போகும்போது நீங்கள் வரைந்த அந்த ஏ4 தாளை எடுத்துச் செல்லுங்கள். 6 மில்லிமீட்டர் போரைத் தொட்டுக்காட்டி, “இந்த இடத்தில் குழாய்க்கு வெளியே என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.