உங்களுக்குத் தெரியுமா? குளிர்நீரைத் தேடும் மீன்

● நிலத்துக்கடியில் தங்கி வரும் ஊற்றுநீர், அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே வெளிவரும். வன்னியிலுள்ள தண்ணீரூற்றில் அது சுமார் 28 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் 16. மலைநாட்டில், குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்கு ஏற்ற ஓடை தேடுகிறவர் முதலில் கணக்கில் எடுக்கவேண்டியது இதைத்தான். மர நிழலும் சரளைக் கல்லும் அதற்குப் பிறகு.

● வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரியது புரூக் ட்ரவுட். நீர் 20 பாகையைத் தாண்டினால் திணறிப்போகும். இலையுதிர் காலத்தில் பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். அதுவும் கீழிருந்து ஊற்று கசியும் இடமாகப் பார்த்து! ஓடை உறைந்தாலும் அந்த இடம் உறையாது, முட்டை தப்பிவிடும். முதுகில் புழு ஊர்ந்த தடம் போன்ற கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, கீழ்ச் செட்டைகளின் முன்னோரத்தில் வெள்ளை விளிம்பு. இவை இருந்தால் அடையாளத்தில் சந்தேகமே வேண்டாம்.

● கோடைப் பிற்பகலில் ஓடை நெடுகிலும் வெப்பமானியை அமிழ்த்திப் பார்த்தால், சட்டென்று குளிரும் இடம் ஒன்று அகப்படும். அங்கே ஊற்று கலக்கிறது. வெயிலேறினால் மீன்கள் அங்கேதான் ஒதுங்கும்.

● இலங்கையில் புரூக் ட்ரவுட்டின் உறவுக்காரர்கள் உண்டு. 1880களில் வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து பழுப்பு ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்தில் வளர்த்தார்கள். ஆனால் ஹோர்ட்டன் சமவெளியில், ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், தானே பெருகிக் காட்டு மீனாகிவிட்டது பின்னர் வந்த வானவில் ட்ரவுட்தான். அந்த ஓடைகளில் கரிடினா சிங்களென்சிஸ் என்ற சின்ன இறாலும் வாழ்கிறது. இலங்கைக்கே உரியது, குளிர்நீரை விட்டால் அதற்குப் போக்கிடமில்லை. ட்ரவுட்டோ இறாலை விரும்பித் தின்னும். வந்து சேர்ந்த மீனைப் புகழ்ந்துவிட்டு இந்த இறாலை மறப்பது பெரிய அநியாயம். புதிய மீனை ஒரு நீர்நிலையில் விடுமுன் அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தே ஆகவேண்டும்.

● 10 பாகை நீரில் லீற்றருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 28 பாகையில் 8 மில்லிகிராம்கூட இல்லை. அதனால் வன்னிக் குளத்தில் ட்ரவுட் தாங்காது. நம்முடைய விரால் தாங்கும். மேலே வந்து காற்றையே குடிக்கும். குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து மாரிமழை வரைக்கும் காத்துக் கிடக்கும். நம்பாதவர்கள், ஆவணி மாதத்தில் சேற்றைக் கிளறி விரால் பிடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.