மணி அடித்தது, ஆடு சாயவில்லை

மாணவர்களே, வகுப்பில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை இன்று உங்களிடமும் கேட்கிறேன். உங்களுக்கு அரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஓர் இரும்பு ஆடு நிற்கிறது. அதை ஒரே ஒரு குண்டால் சாய்க்க வேண்டும். கையில் இரண்டு வகைக் குண்டுகள் இருக்கின்றன. ஒன்று இலேசானது, மிக வேகமாகப் பறக்கும். மற்றது கனமானது, சற்று மெதுவாகப் போகும். எதை எடுப்பீர்கள்?

பெரும்பாலான கைகள் வேகமான குண்டுக்கே உயரும். காரணமும் தயாராக இருக்கும்: "டீச்சர், இயக்கச் சக்தியில் வேகம் இரண்டு முறை பெருக்கப்படுகிறதே!" நல்ல பதில்தான். ஆனால் ஆட்டைச் சாய்க்கும் பதில் அதுவல்ல.

இந்த இரும்பு ஆடு என் கற்பனை இல்லை. மெக்சிகோவில் பிறந்த 'சிலுயெத்தாஸ் மெத்தாலிகாஸ்' என்ற துப்பாக்கி சுடும் விளையாட்டில் உண்மையாகவே நிற்கிறது. அந்தப் பெயருக்கு உலோக நிழலுருவங்கள் என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே உயிருள்ள கோழிகளையும் ஆடுகளையும் தூரத்தில் கட்டிவைத்துச் சுடும் பழக்கம் இருந்தது. 1948இல் மெக்சிகோ நகரில் நடந்த போட்டியில் அவற்றின் இடத்தை இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்கள் பிடித்தன. இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 1960களின் பிற்பகுதியில் விளையாட்டு எல்லை தாண்டி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்று, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

பெரிய ரைஃபிள் போட்டியில் நான்கு உருவங்கள் இருக்கும்: 200 மீட்டரில் கோழி, 300 மீட்டரில் பன்றி, 385 மீட்டரில் வான்கோழி, 500 மீட்டரில் செம்மறிக் கடா. சுடுபவர் எதன்மீதும் சாயாமல், தோள்வார் உதவியும் இல்லாமல், நின்றபடியே சுட வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: உருவம் தாங்கியிலிருந்து விழுந்தால் புள்ளி, விழாவிட்டால் புள்ளி இல்லை.

கடாவின் எடை சுமார் 25 கிலோகிராம். அவ்வளவு தூரத்தில் நின்றபடி குறிபார்த்து அதைத் தொடுவதே பெரிய காரியம். குண்டு போய்ச் சேர ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாகும். பட்ட ஒலி திரும்பி வர இன்னும் ஒன்றரை விநாடி ஆகும். 'டிங்' என்று மணி அடித்ததுபோல் தெளிவாகக் கேட்கும். ஆனால் கடா லேசாக ஆடிவிட்டு அப்படியே நிற்கும்! சரியாகக் குறிபார்த்தும் சுழியம். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் எந்தக் குண்டு என்ற கேள்வியில் போட்டியாளர்கள் இவ்வளவு கவனம் செலுத்துகிறார்கள்.

இப்போது பென்சிலை எடுங்கள். கனமான குண்டு 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கடாவை அடையும்போது அதன் வேகம் விநாடிக்கு 500 மீட்டர். இலேசான குண்டு 5 கிராம், அதன் வேகம் விநாடிக்கு 707 மீட்டர். ஏன் இந்த விசித்திரமான எண் என்று கேட்கிறீர்களா? இரண்டுக்கும் இயக்கச் சக்தி ஒன்றாக வரவேண்டும் என்பதற்காகத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டுமே 1,250 ஜூல்.

அடுத்து உந்தத்தைக் கணக்கிடுங்கள். நான்காம் படிவ இயற்பியலில் 'மொமெண்டம்' என்று படிக்கிறீர்களே, அதுதான். பொருண்மையை வேகத்தால் பெருக்கினால் போதும். கனமான குண்டுக்கு 0.010 × 500, அதாவது 5. இலேசான குண்டுக்கு 0.005 × 707, அதாவது ஏறக்குறைய 3.5. சக்தி சமமாக இருந்தும் உந்தம் சமமாக இல்லை.

குண்டு இரும்பில் மோதும்போது என்ன நடக்கிறது? ஈயம் நசுங்கித் தட்டையாகி, துகள்களாக நாலா பக்கமும் தெறிக்கிறது. சூடு உண்டாகிறது. ஒலி எழுகிறது. இவை எல்லாவற்றுக்கும் செலவாவது இயக்கச் சக்தி. உந்தம் அப்படிச் சூடாகவோ ஒலியாகவோ மாறிவிட முடியாது. மேலே தெறித்த துகள்களின் உந்தமும் கீழே தெறித்த துகள்களின் உந்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே முன்னோக்கி வந்த உந்தம் ஏறக்குறைய முழுவதும் கடாவுக்கே போய்ச் சேர்கிறது.

அந்த 5 அலகு உந்தத்தை 25 கிலோகிராம் கடாவுக்குக் கொடுத்தால் அது விநாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் பின்னால் நகரத் தொடங்கும். தாங்கியின் உராய்வை இங்கே விட்டுவிடுகிறேன். இந்த வேகத்தில் கடாவின் இயக்கச் சக்தி எவ்வளவு? ½ × 25 × 0.2², அதாவது அரை ஜூல். ஒரு மங்குஸ்தீன் பழத்தை மேசையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் சக்தி அவ்வளவுதான்! 1,250 ஜூலோடு வந்த குண்டு கடாவை அசைக்கச் செலவிட்டது அரை ஜூல். மீதி எல்லாம் ஈயத்தை நசுக்குவதிலும் சூட்டிலும் போய்விட்டது. இலேசான குண்டுக்கு இதே கணக்கைச் செய்தால் கால் ஜூல்தான் வரும். சக்தி சமமாக வந்த இரண்டு குண்டுகளில், ஒன்று மற்றதைவிட இருமடங்கு சக்தியைக் கடாவின் அசைவுக்குக் கொடுக்கிறது.

இங்கே இலேசான குண்டுக்கு நான் சலுகை காட்டியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட தூரத்தில் அதன் வேகம் அவ்வளவு எளிதில் தங்காது. பூப்பந்து விளையாடுபவர்களுக்கு இது புரியும். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் அடித்த ஸ்மேஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையைவிட்டுப் புறப்பட்டது. அது உலகச் சாதனை. ஆனாலும் திடலின் மறுமுனைக்குப் போவதற்குள் இறகுப்பந்தின் வேகம் பெருமளவு குறைந்துவிடும். அதன் எடை சுமார் 5 கிராம்தான், காற்றைத் தடுக்கும் பரப்போ பெரிது. குண்டு இறகுப்பந்தைப்போல் விரிந்தது இல்லை. ஆனாலும் விதி ஒன்றே. ஒரே பருமனும் ஒத்த வடிவமும் கொண்ட இரண்டு குண்டுகளில் கனமானது தன் வேகத்தை அதிக தூரம் காப்பாற்றிக்கொள்ளும்.

அப்படியானால் கிடைக்கும் மிகக் கனமான குண்டையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் சுடுபவரின் தோள் குறுக்கே வருகிறது. குண்டு முன்னால் போனால் துப்பாக்கி அதே அளவு உந்தத்துடன் பின்னால் வர வேண்டும். 10 கிராம் குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டு வெளியேறினால் உந்தம் 8. நான்கு கிலோகிராம் துப்பாக்கி விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தோளில் இடிக்கும். வெடிமருந்தின் வாயு வெளியேறுவதும் அந்த இடியைக் கூட்டும். போட்டி விதிகள் துப்பாக்கியின் எடைக்கு வரம்பு வைத்திருப்பதால், கனமான துப்பாக்கியை வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. ஒரு போட்டியில் நாற்பது முறையோ அதற்கு மேலோ சுட வேண்டும். இடி பலமாக இருந்தால் விசையை அழுத்தும்போதே உடல் பயந்து குலுங்கும், குறி தப்பும். குறி தப்பிய கனமான குண்டு மண்மேட்டைத்தான் சாய்க்கும்!

அனுபவமுள்ள பலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கோழி, பன்றி, வான்கோழி மூன்றுக்கும் இடி குறைந்த தோட்டாவை வைத்துக்கொள்கிறார்கள். கடாவின் முறை வரும்போது மட்டும் கனமான குண்டுள்ள தோட்டாவுக்கு மாறுகிறார்கள். இது எனக்கு அறிவான ஏற்பாடாகத் தோன்றுகிறது. ஆனால் தோட்டா மாறினால் குண்டு போகும் பாதையும் மாறும் என்பதால், குறிபார்க்கும் அளவையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

குண்டு படும் இடத்துக்கும் பங்கு உண்டு. வீட்டில் புத்தக அலமாரியின் மேல்பகுதியைத் தள்ளினால் அது சாயும், அடிப்பகுதியைத் தள்ளினால் சறுக்கும். கடாவும் அப்படித்தான். முதுகுக்கு அருகில் பட்டால் எளிதில் கவிழும். காலில் பட்டால் அதே குண்டு அதைக் கொஞ்சம் நகர்த்தும் அல்லது திருப்பும், அவ்வளவுதான். திரும்பி நின்றாலும் நிற்பது நிற்பதுதான், புள்ளி கிடையாது.

உந்தம் சக்தியைப்போல் சூடாகத் தொலைவதில்லை என்பதைக் குண்டுகளின் வேகத்தை அளக்கவே ஒருவர் பயன்படுத்தினார். இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டு அதற்குள் குண்டைச் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து உந்தத்தையும், அதிலிருந்து குண்டின் வேகத்தையும் கண்டுபிடித்தார். மின்னணுக் கருவி ஏதும் இல்லாத காலம் அது.

துப்பாக்கி இல்லாமலே இதை நீங்களும் சோதிக்கலாம். ஒரு சின்ன ரப்பர் பந்தையும், அதே எடையுள்ள பிளாஸ்டிசின் உருண்டையையும் சமநீளமான நூல்களில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு மரத்துண்டை நிமிர்த்தி வைத்து, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து ஒவ்வொன்றாக ஊசலாடவிட்டு, மரத்துண்டின் மேல்பகுதியில் மோதச் செய்யுங்கள். மெல்ல மெல்ல உயரத்தைக் கூட்டுங்கள். ஓர் உயரத்தில் ஒன்று மரத்துண்டைச் சாய்த்துவிடும், மற்றது சாய்க்காது. எது சாய்த்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மோதலுக்குப் பின் ஒவ்வொன்றும் எந்தத் திசையில் போனது என்று பார்த்து, உந்தம் எவ்வளவு மாறியது என்று எழுதிப் பாருங்கள்.