எட்டாம் வகுப்பு எங்கே போனது?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது விருதுநகர் மாவட்டத்தில் ஏழாம் வகுப்பு படித்த பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் உட்கார்ந்தது 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி. அப்போது அவர்கள் ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு முழுக்கக் கைப்பேசியிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் கழிந்தது. அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால், “எப்படிப் போச்சுன்னே தெரியலை” என்பார்கள். “அப்பல்லாம் பொழுதே போகலை” என்றும் சொல்வார்கள். இரண்டுமே உண்மை.

நடக்கிற பொழுதை மனம் கவனத்தால் அளக்கிறது. சலித்துப்போய்க் கடிகாரத்தையே பார்த்தால் ஒரு மணி நேரம் நீளும். கடந்த காலத்தை அளப்பது நினைவில் தங்கிய புது நிகழ்ச்சிகளை வைத்து. ஒரே அறை, ஒரே திரை, ஒரே முகங்கள் என்றால் நூறு நாளும் ஒரே நாளாகப் படிந்துவிடும்.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, பிரிட்டனில் உளவியலாளர் ரூத் ஆக்டன் 604 பேரிடம் விசாரித்தார். 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், காலம் வழக்கமான வேகத்தில் போகவில்லை என்றார்கள். மன அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு அது ஊர்ந்தது. அவர்கள் பெரியவர்கள், நாள் வரிசை மனதில் ஏற்கெனவே ஊறியவர்கள். பிள்ளைகளுக்கு அதைப் பழக்குவதே பள்ளி மணியும் பரீட்சையும் திருவிழாவும்தான்.

தமிழ்நாட்டுக்குத் தினசரி காலண்டர் அச்சடிப்பது இந்த மாவட்டத்துச் சிவகாசி. அடுத்த ஆண்டு காலண்டர்களின் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்குக்கே வெளிவந்துவிடும். கோயில் திருவிழாவான பங்குனிப் பொங்கல், முழு ஆண்டுப் பரீட்சை, தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலை விடுமுறை என்று இங்கே வருடத்துக்கு அழுத்தமான அடையாளங்கள் உண்டு. 2020-இல் பங்குனியில் கோயில் நடை பக்தர்களுக்கு அடைபட்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூன் 9-ஆம் தேதி ரத்தானது. அடுத்த வருடம் பிளஸ் டூ தேர்வும் ரத்து. தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநில முதலிடம் பிடித்த மாவட்டம் இது. பரீட்சைக்காக வீடே விழித்திருக்கும் ஊரில், “ஆல் பாஸ்” என்ற செய்தி நிம்மதியோடு ஒரு வெறுமையையும் தந்தது.

மனிதர்கள் முதுமையில் அதிகம் நினைவுகூர்வது பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான காலத்தைத்தான். அதிலிருந்துதான் இவர்களுக்கு ஒன்றரை ஆண்டு மங்கிப்போயிருக்கிறது. எட்டாம் வகுப்பு நினைவில்லை என்று உங்கள் பிள்ளை சொன்னால் அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். பழைய கைப்பேசியில் கிடக்கும் படங்களைத் தேதி பார்த்து அடுக்கி, எந்த மாதம் என்ன நடந்தது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள்.